மீனாவுக்கு, ஹூஸ்டன் போய்வந்த கதை

அன்புள்ள மீனா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். ஊசியில் நூல் கோர்க்கிற வேலையை ஒரு மாதத்துக்கு மறந்துவிடு. பெரியவளுக்கு ஏழாம் மாதம் என்று இவரிடம் சொன்னேன். "மீனா பாட்டியாகப் போகிறாளா!" என்று அவருக்கும் அத்தனை சந்தோஷம்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் குவில்ட் மார்க்கெட். என் குவில்ட் துணிக்கடையை இரண்டு பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு, இங்கே டெக்சாஸில் வேக்கோவிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு ஹூஸ்டன் போனேன். போன வாரம்தான் திரும்பினேன்.

குவில்ட் என்பது நம் ஊர் ஒட்டுத்துணிப் போர்வைதானே என்று போன தடவை கேட்டிருந்தாய். அதேதான். மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டினால் குவில்ட். ஆனால் இங்கே அதற்கென்றே துணி அச்சாகிறது, அதற்கென்றே கடைகள் இருக்கின்றன, அந்தக் கடைக்காரர்கள் கொள்முதல் செய்ய ஒரு சந்தையும் இருக்கிறது. 1974-ல் கேரி பிரெசன்ஹான் என்ற ஹூஸ்டன் கடைக்கார அம்மா தன் வாடிக்கையாளர்களுக்காக ஒரு கண்காட்சி நடத்தினார். அதுதான் ஆரம்பம். 1979-ல் வியாபாரிகளுக்கான மார்க்கெட்டும் சேர்ந்துகொண்டது. மார்க்கெட் முடிந்த கையோடு அதே ஜார்ஜ் ஆர். பிரவுன் மண்டபத்தில் பொதுமக்களுக்குத் திருவிழா. நம்மைப் போல ஒரு கடைக்காரி தொடங்கியது என்பதாலேயே உள்ளே நுழையும்போது சொந்த வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும் எனக்கு.

முதல் நாள் புதுச் சரக்குகளை அறிமுகப்படுத்தும் குட்டி வகுப்புகள். ஒன்று முடிந்து அடுத்த அறைக்கு ஓடியே கால் வலி கண்டுவிட்டது. ராத்திரி சாம்பிள் விற்பனை. சக்கரப் பை இழுத்துக்கொண்டு வரிசை நிற்கும், கதவு திறந்ததும் மதுரை விளக்குத்தூண் கடைவீதியின் தீபாவளிக் கூட்டம்தான். நான் ஐந்து அங்குலச் சதுரக் கட்டுகள் கொஞ்சம் வாங்கியதோடு சரி.

மறுநாள்தான் உண்மையான வேலை, ஆர்டர் கொடுப்பது. இப்போது கொடுத்தால் சரக்கு வர ஐந்தாறு மாதமாகும். ஒரு டிசைனர் வரைந்த வரிசை முழுவதையும் எடுக்கச் சொல்வார்கள், இருபது முப்பது துணிச் சுருள் வரும். விற்றுத் தீர்ந்தால் அதையே திரும்ப அச்சடிப்பதும் அபூர்வம். போன வருஷம் ஹாலோவீனுக்கென்று ஒரு வரிசையை முழுதாக எடுத்தேன். பண்டிகை அக்டோபர் 31. சரக்கு வந்தது நவம்பர் இரண்டாம் வாரம்! பூசணிக்காயும் பூனையும் அச்சடித்த அந்தத் துணி இன்னும் பின்னறையில் அடுக்கியபடியே இருக்கிறது. அந்தப் பணம் முடங்கியதில் நான் எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்று உனக்குத்தான் சொல்ல முடியும்.

அதனால் இந்த முறை ஸ்டால் ஸ்டாலாக நின்று துணியைக் கையில் பிடித்துப் பார்த்தேன். நல்ல குவில்ட் துணியில் ஓர் அங்குலத்துக்குப் பாவில் அறுபது இழை, ஊடையில் அறுபது இழை என்பது பொதுவான கணக்கு. இழையைக் குறைத்துக் கஞ்சி ஏற்றினால் புதிதில் வித்தியாசம் தெரியாது. விளிம்பைக் கட்டைவிரலால் கசக்கிவிட்டு வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். கஞ்சி உதிர்ந்த இடத்தில் சல்லடை மாதிரித் தெரிந்துவிடும். உங்கள் அப்பா கடையில் மல் துணிக்கு இதையே செய்வார், ஞாபகம் இருக்கிறதா? நான் கசக்குவதைப் பார்த்த ஒரு கம்பெனிப் பெண், "இப்படிப் பார்க்க யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்று கேட்டாள். மதுரையில் என் சிநேகிதியின் அப்பா என்றேன்.

அங்கே நிற்கும்போது என் கடைக்கு வரும் ஒரு அம்மாவின் நினைப்பாகவே இருந்தது. கணவர் இறந்து எட்டு மாதம். அவருடைய ஒன்பது சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு பையில் கொண்டு வந்தார். "இதோடு சேர்கிற மாதிரி துணி கொடு" என்றார். எல்லாம் வெளிறிய நீலக் கட்டம், சாம்பல் கோடு. என் கடை முழுக்கப் பூவும் பறவையும். அரை மணி நேரம் தேடியும் பொருத்தமாக ஒன்றும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. வந்தவர் வெறுங்கையோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை மீனா, அவர் அந்தச் சட்டைகளைத் திரும்ப மடித்து எடுத்துப்போனார்.

2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் குவில்ட்களைப் பார்த்துவிட்டு உனக்கு எட்டுப் பக்கம் எழுதினேனே? அலபாமாவில் ஆற்று வளைவு ஒன்றில் இருக்கும் ஊர், கறுப்பினப் பெண்கள் தைத்தவை. மிசூரி பெட்வே என்பவர் இறந்துபோன தன் கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி 1942-ல் தைத்த குவில்ட் அங்கே இருந்தது. அந்தக் கூடத்தில் பழைய கால்சட்டைத் துணிகளைக் கிட்டப் போய்ப் பார்த்தால், பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். வந்த பிறகு புது டிசைன், புது வரிசை என்று ஓடி அதை விட்டுவிட்டேன்.

சரி, முடிவு செய்துவிட்டேன். வழக்கமாக எடுக்கும் வரிசைகளில் பாதியைத்தான் எடுத்தேன். மீதிப் பணத்துக்குப் பூ இல்லாத ஒற்றை நிறத் துணிகளில் நாற்பது நிறம், தறியிலேயே கட்டம் போட்ட துணி பதினாறு. கிழக்குச் சுவர் முழுக்க இனி அதுதான். கடைப் பெண்களுக்கு இது பிடிக்கவில்லை, கண்ணைக் கவராது என்கிறார்கள். இருக்கட்டும். முதல் கட்டு வந்ததும் அந்த அம்மாவுக்குப் போன் செய்வேன்.

திருவிழாவுக்கும் ஒரு நாள் இருந்தேன். குவில்டை நாம் தொடக்கூடாது. வெள்ளைக் கையுறை போட்ட தொண்டர்கள் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவார்கள். சிவப்புத் துணியில் வெட்டிய பூக்களை வெள்ளையில் பதித்துத் தைத்த ஒன்றைக் காட்டச் சொன்னேன். பின்னால் ஒரு முடிச்சுகூட இல்லை. சட்டென்று நம் மதுரைப் புதுமண்டபம்தான் கண்முன் வந்தது. தூணடியில் உட்கார்ந்து தேரில் தொங்கவிடும் துணித் தொம்பைக்கு யாளி வெட்டித் தைப்பாரே ஒரு தாத்தா, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நமக்கு வெட்டுத்துணி கொடுப்பாரே, அவர் தையலும் இப்படித்தான் இருக்கும். தையல் கடையெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அவர் வீட்டில் யாராவது இன்னும் தைக்கிறார்களா? விசாரித்து எழுது.

அப்புறம் ஒரு காரியம். பேரனோ பேத்தியோ, முதல் குவில்ட் என் கையால்தான். உங்கள் அம்மாவின் சுங்குடிச் சேலை, அரக்கில் வெள்ளைப் புள்ளி வைத்தது, கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அதில் இரண்டு கஜம் அனுப்பு. முந்தானைப் பக்கம் வேண்டாம், அதை நீயே வைத்துக்கொள். சாயம் போகிறதா என்று இங்கே நனைத்துப் பார்த்துக்கொள்கிறேன். மாத முடிவுக்குள் தபாலில் போட்டால் வளைகாப்புக்கு முன்னால் தைத்து முடித்துவிடுவேன்.

அன்புடன்,
வசந்தி