1453-இல் அடைபடாத வழி: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதுவோர், மேலாய்வு செய்வோர், வினாத்தாள் அமைப்போர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த மடல். “1453-இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றி ஆசியாவுக்கான நிலவழியை அடைத்தனர், எனவே ஐரோப்பியர் இந்தியாவுக்குக் கடல்வழி தேடினர்.” (கான்ஸ்டாண்டிநோபிள் இன்றைய இஸ்தான்புல், அன்று பைசாந்தியப் பேரரசின் தலைநகர்; அதைப் பிடித்த துருக்கியரையே கீழே உதுமானியர் என்கிறோம்.) பாடநூல், கையேடு, போட்டித் தேர்வுக் குறிப்பு என்று எதைப் புரட்டினாலும் சொல் சற்று மாறி, பொருள் மாறாமல் இது இருக்கிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். அந்த வாக்கியம் தவறு. அதை எடுத்துவிட்டு, அங்கே உண்மையில் நடந்ததை வையுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

முதலில் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். போர்ச்சுகீசியர் வட ஆப்பிரிக்காவின் செயூட்டாவைப் பிடித்தது 1415. அவர்களின் மாலுமி கில் ஈயனிஸ் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பொஜடோர் முனையைத் தாண்டியது 1434. 1444 ஆகஸ்டில் போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர்களைக் கரையிறக்கி அடிமைகளாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மேற்கு ஆப்பிரிக்கத் தங்கம், அடிமை வணிகம், முஸ்லிம் அரசுகளுக்கு அப்பால் எங்கோ இருப்பதாக நம்பப்பட்ட கிறித்தவ அரசர் பிரஸ்டர் ஜானின் நட்பு, இவைதான் போர்ச்சுகல் இளவரசர் ஹென்றியின் ஆட்களைத் தெற்கே இழுத்தன. கான்ஸ்டாண்டிநோபிள் விழுவதற்கு 38 ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்ட பயணத்துக்கு அந்த வீழ்ச்சி எப்படிக் காரணமாகும்?

அடுத்து வரைபடத்துக்கு வாருங்கள். கோழிக்கோட்டில் ஏற்றிய மிளகு அரபிக் கடலைக் கடந்து ஏடனுக்கும் ஜித்தாவுக்கும் போகும். செங்கடலின் வடபாதியில் பவளப்பாறைகள் அதிகம். காற்றும் பெரும்பாலும் வடக்கிலிருந்து எதிர்த்து வீசும். அதனால் பெரிய கப்பல்கள் ஜித்தாவோடு நின்றுவிடும். அங்கே சரக்கைச் சிறிய படகுகளுக்கு மாற்றி, தூர் போன்ற வடமுனைத் துறைகளில் இறக்கி, ஒட்டகத்தில் கெய்ரோ கொண்டுபோய், நைல் வழியாக அலெக்சாந்திரியா சேர்ப்பார்கள். அங்கிருந்து வெனிஸ் வணிகர்களின் கப்பல் ஏற்றிச் செல்லும். இந்த வழியில் கான்ஸ்டாண்டிநோபிள் எங்கே வருகிறது? எகிப்தும் சிரியாவும் 1453-இல் மம்லூக் சுல்தான்களிடம் இருந்தன. உதுமானியர் கெய்ரோவுக்குள் நுழைந்தது 1517 சனவரியில். அதாவது வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகு.

மிளகு விலை ஏறியதற்குப் பழி சொல்ல ஒருவரைத் தேடினால், மம்லூக் சுல்தான் பர்ஸ்பே கிடைப்பார். 1420-களின் பிற்பகுதியில் அவர் மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கி, வெனிஸ்காரர்களிடம் தான் சொன்ன விலையை வாங்கினார். வழி அடைபடவில்லை, வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் கூடுதலாக வசூலித்தார்கள். போர்ச்சுகல் பின்னாளில் கணக்குப் போட்டது இந்த இடைத்தரகு லாபத்தைத்தான். உதுமானியர் வழியை அடைத்ததால் மிளகு விலை ஏறியது என்பதற்கு விலைப் பதிவுகளில் ஆதாரம் இல்லை என்று ஆல்பர்ட் லைபையர் என்ற அமெரிக்க வரலாற்றாளர் 1915-லேயே எழுதிவிட்டார். நூறாண்டு கடந்தும் நம் வகுப்பறைக்கு அது வந்து சேரவில்லை என்பதுதான் எங்களுக்கு வலிக்கிறது.

வழி திறந்திருந்ததற்குப் போர்ச்சுகீசியரே சாட்சி. 1487-இல் மன்னர் இரண்டாம் ஜோவாவ், பெரோ த கொவில்யா என்ற அரபு மொழி தெரிந்தவரை உளவுக்கு அனுப்பினார். கொவில்யாவும் கூட்டாளியும் ரோட்ஸ் தீவில் தேன் வாங்கி, தேன் வணிகர்கள் என்று சொல்லிக்கொண்டு அலெக்சாந்திரியாவில் இறங்கினார்கள். அங்கிருந்து கெய்ரோ, தூர், ஏடன். ஏடனிலிருந்து கொவில்யா மட்டும் கப்பலேறிக் கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் வந்தார். ‘அடைபட்ட’ வழியில், 34 ஆண்டுகளுக்குப் பிறகு, ஓர் ஐரோப்பியர் சரக்கோடு சரக்காக வந்து சேர்ந்திருக்கிறார்.

இன்னொரு சாட்சி கோழிக்கோட்டிலேயே இருக்கிறது. 1498 மே 20 அன்று வாஸ்கோடகாமாவின் கப்பல்கள் நங்கூரமிட்டன. மறுநாள் தண்டனைக் கைதி ஒருவரைக் கரைக்கு அனுப்பினார்கள். அவரை வரவேற்றவர்கள் துனிஸ் நகரத்து முஸ்லிம் வணிகர்கள் இருவர். அவர்களுக்குக் காஸ்டிலிய மொழியும் ஜெனோவா மொழியும் தெரியும். எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டார்கள். “கிறித்தவர்களையும் நறுமணப் பொருள்களையும் தேடி வந்தோம்” என்று பதில் வந்தது. மத்தியதரைக் கடலின் மொழி பேசும் வணிகர்கள் கோழிக்கோட்டுக் கடற்கரையில் நிற்கும்போது, எந்த வழி அடைபட்டிருந்தது? இந்த ஒரு காட்சியைப் பாடத்தில் சேர்த்தாலே போதும், மாணவர்கள் அந்தப் பழைய வாக்கியத்தைத் தாங்களே கேள்வி கேட்பார்கள்.

உதுமானியருக்கு வணிகத்தை நிறுத்தும் எண்ணமும் இல்லை; சுங்க வருவாயை யார் வேண்டாம் என்பார்கள்? நகரம் விழுந்தது மே 29. சூன் 1 அன்றே இரண்டாம் மெஹ்மத், எதிர்க்கரையில் கலாட்டாவில் இருந்த ஜெனோவா வணிகர்களுக்கு உயிர், உடைமை, வணிகம் அனைத்துக்கும் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். 1454 ஏப்ரலில் வெனிஸோடு உடன்படிக்கை: விற்கும் சரக்குக்கு 2 சதவீதம் சுங்கம். ஈரானியப் பட்டு உதுமானியரின் பூர்சா நகரச் சந்தைக்கு வந்துகொண்டே இருந்தது, இத்தாலியர் வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

கடல்வழி கிடைக்க 1498 வரை ஆனதன் காரணம் காற்றில் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் தெற்கே போவது எளிது. திரும்பும்போது காற்றும் நீரோட்டமும் எதிர்க்கும். கரையை விட்டு விலகி நடுக்கடலுக்குள் வெகுதூரம் போய், மேற்கிலிருந்து வீசும் காற்றைப் பிடித்து வளைந்து வீடு திரும்பும் முறையை மாலுமிகள் பழகவே பல பத்தாண்டுகள் ஆயின. வாஸ்கோடகாமா அதே உத்தியைத் தெற்கு அட்லாண்டிக்கில் பெரிதாகச் செய்தார். மூன்று மாதத்துக்கு மேல் கரையே கண்ணில் படவில்லை. இந்தியப் பெருங்கடலில் அவருக்குத் தெரியாதது பருவக்காற்று. கிழக்கு ஆப்பிரிக்காவின் மாலிந்தியில் கிடைத்த வழிகாட்டியோடு தென்மேற்குக் காற்றில் 23 நாளில் கடலைக் கடந்தார். திரும்பும்போது வடகிழக்குக் காற்று நிலைபெறும்வரை காத்திருக்காமல் ஆகஸ்டு இறுதியிலேயே கோழிக்கோட்டை விட்டுக் கிளம்பினார். அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதம். ஈறு வீங்கி, கைகால் வீங்கி, ஸ்கர்வி நோயில் சுமார் 30 பேர் இறந்தார்கள். பாய் இழுக்க ஆள் போதாமல் சாவ் ரஃபேல் என்ற கப்பலைத் தாங்களே எரித்தார்கள். நம் கடற்கரையில் எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார், அது கிளம்பும் மாதமில்லை என்று.

1453-ஐப் பாடத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லவில்லை. அதைப் பொய்க் காரணமாக நிறுத்திவிட்டு, உண்மையில் நடந்ததை ஒரு வரியில் முடித்துவிடுகிறீர்கள் என்பதுதான் எங்கள் குறை. 21 வயது சுல்தான். 53 நாள் முற்றுகை. ஆயிரம் ஆண்டு தாங்கிய மதில். ஓர்பன் என்ற பீரங்கி வார்ப்பாளர் முதலில் பேரரசர் பதினோராம் கான்ஸ்டன்டைனிடம்தான் வேலை கேட்டார். கொடுக்கப் பணம் இல்லை. அவர் மெஹ்மத்திடம் போய் வார்த்த பீரங்கி சுமார் 8 மீட்டர் நீளம், குண்டு 500 கிலோவுக்கு மேல். உதுமானியத் தலைநகர் எதிர்னேயிலிருந்து அதை இழுத்துவர 60 எருதுகள் தேவைப்பட்டன. ஒரு முறை சுட்டால் குழாய் ஆற வேண்டும். நாளுக்கு ஏழு முறைதான் சுட முடிந்தது. அந்த இடைவெளியிலும் இரவிலும் மக்கள் மண் நிரப்பிய பீப்பாய்களையும் மரக்கட்டைகளையும் அடுக்கி உடைப்பை அடைத்தார்கள். ஆகவே ‘பீரங்கி மதிலை உடைத்தது, நகரம் விழுந்தது’ என்பதும் பாதிக் கதைதான். தங்கக் கொம்பு என்ற நகரத் துறைமுகத்தின் வாயிலில் கட்டிய சங்கிலியைத் தாண்ட முடியாமல், ஏப்ரல் 22 அன்று சுமார் 70 கப்பல்களைக் கொழுப்பு தடவிய கட்டைகள்மேல் ஏற்றிக் கலாட்டாவுக்குப் பின்புற மேட்டின் வழியாக இழுத்து உள்ளே இறக்கினார்கள். அதன்பின், ஏற்கெனவே போதாமலிருந்த சுமார் 7,000 காவலர்களைத் துறைமுகப் பக்க மதிலுக்கும் பிரிக்க வேண்டியதாயிற்று. கடைசி நாள் ஜெனோவாத் தளபதி ஜுஸ்தினியானி காயம்பட்டு விலகியதும் வரிசை கலைந்தது.

அதன் பொருளாதார விளைவைத்தான் சொல்ல வேண்டும் என்றால் படிகாரத்தைச் சொல்லுங்கள். துணிக்குச் சாயம் பிடிக்கப் படிகாரம் வேண்டும். ஐரோப்பிய நெசவுத் தொழிலுக்குப் பெரும்பங்கு ஜெனோவா வணிகர்கள் இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் நடத்திய ஃபோசியா சுரங்கத்திலிருந்து வந்தது. 1455-இல் அது உதுமானியரிடம் போனது. 1460-களின் தொடக்கத்தில் போப்பின் ஆட்சிப்பகுதியான தோல்ஃபாவில் படிகாரம் கண்டெடுக்கப்படும்வரை தட்டுப்பாடு. 1475-இல் கருங்கடலின் காஃபாவும் ஜெனோவாவின் கைவிட்டுப் போனது. ஜெனோவாவின் பணமும் ஆட்களும் மேற்கே ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் மேலும் திரும்பின. கொலம்பஸ் ஜெனோவாக்காரர் என்பதை இங்கே நினைவுபடுத்தலாம். 1453-க்கும் கடற்பயணங்களுக்கும் இருக்கும் உறவு இவ்வளவுதான்: பக்கவாட்டில் வந்த ஓர் உந்துதல்.

1453-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து தப்பி ஓடிய கிரேக்க அறிஞர்களால் மறுமலர்ச்சி ‘தொடங்கியது’ என்பதையும் திருத்துங்கள். கான்ஸ்டாண்டிநோபிள் அறிஞர் கிரிசோலோராஸ் ஃபுளோரன்ஸில் கிரேக்கம் கற்பிக்கத் தொடங்கியது 1397-இல்.

அச்சிடுவதற்கு ஏற்ற மாற்று இதோ: “15-ஆம் நூற்றாண்டில் மிளகு முக்கியமாகச் செங்கடல், எகிப்து வழியாக வெனிஸை அடைந்தது. 1453-க்குப் பிறகும் இவ்வழி இயங்கியது. ஆப்பிரிக்கத் தங்கத்தையும் அடிமை வணிகத்தையும் கைப்பற்றப் போர்ச்சுகீசியர் 1415 முதலே தெற்கு நோக்கிச் சென்றனர்; இடைத்தரகரின் லாபத்தைத் தாமே பெறும் நோக்கம் பின்னாளில் சேர்ந்தது.”

கூடவே, பாடத்தின் வரைபடத்தில் 1453-இன் உதுமானிய நிலப்பரப்புக்கு ஒரு நிறமும் மம்லூக் நிலப்பரப்புக்கு வேறு நிறமும் கொடுத்து, கோழிக்கோட்டிலிருந்து அலெக்சாந்திரியா வரை ஒரு கோடு போடுங்கள். ‘கடல்வழி கண்டுபிடிக்கக் காரணம் என்ன?’ என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்குப் பதிலாக, 1415, 1434, 1453, 1488 (டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிய ஆண்டு), 1498, 1517 ஆகிய ஆண்டுகளைக் கொடுத்து, “1453 மற்றவற்றுக்குக் காரணமாக இருந்திருக்க முடியுமா? வரைபடத்தைக் கொண்டு விளக்குக” என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். விடைக்குறிப்பில், பழைய வாக்கியத்தை எழுதிய மாணவருக்கு மதிப்பெண் இல்லை என்று இந்த ஆண்டே போட வேண்டாம். நாம் கற்பித்ததைத்தான் அவர் எழுதியிருப்பார்.

இப்படிக்கு,
உலக வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்