போர்ட் எவர்கிளேட்ஸில் கப்பல் ஏறப்போகும் தமிழர்களுக்கு

வணக்கம்.

கப்பல் பயணத்துக்காக அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கும் ஃபோர்ட் லாடர்டேல் வரும் நம்மவர்கள் பலர் முந்தின நாளே வந்து இறங்கி, ஹோட்டலில் தூங்கி, காலையில் அந்த ஊரின் போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகத்துக்குப் போய்விடுகிறார்கள். நானும் இரண்டு முறை அப்படித்தான் போனேன். மூன்றாவது முறைதான் நியூ ரிவர் ஆற்றங்கரையில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் ஸ்ட்ரானஹான் வீட்டைப் பார்த்தேன். இத்தனை நாள் விட்டுவிட்டோமே என்று இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

ஃபிராங்க் ஸ்ட்ரானஹான் ஒஹாயோக்காரர். 1893இல் அவர் வந்தபோது இங்கே ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆற்றைக் கடக்க ஒரு படகு, வண்டிப் பயணிகள் இரவு தங்க ஒரு முகாம், அவ்வளவுதான். இரண்டையும் அவர் பார்த்துக்கொண்டார், அப்புறம் கடையும் போட்டார். எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்திலிருந்து செமினோல் பழங்குடிக் குடும்பங்கள் ஓடங்களில் வந்து முதலைத்தோல், நீர்நாய்த்தோல், கொக்கு இறகு எல்லாம் கொடுத்துவிட்டுச் சாமான்கள் வாங்கிப்போவார்கள். இப்போது நிற்கும் வீடு 1901இல் கட்டியது. கீழே கடை, மேலே ஊர் கூடும் இடம். சரக்கோடு வந்தவர்கள் இரவில் அந்தத் தாழ்வாரத்திலேயே படுத்துக்கொள்வார்களாம். அங்கே நின்றபோது எனக்கு நம் ஊர்த் திண்ணைதான் ஞாபகம் வந்தது.

ஊரின் பெயர் வந்த கதை வேறு. 1838இல் செமினோல்களோடு நடந்த போரில் மேஜர் வில்லியம் லாடர்டேலின் படை இங்கே கட்டிய கோட்டையின் பெயர் அது. அதே மக்களின் வியாபாரத்தை நம்பித்தான் பிற்பாடு இந்தக் கடை ஓடியது.

ஐவி குரோமார்ட்டி 1899இல் ஊரின் முதல் ஆசிரியையாக வந்தார். அப்போது வயது 18தான். அடுத்த வருடம் ஃபிராங்கை மணந்ததும் வேலையை விடவேண்டியதாயிற்று. ஆனாலும் செமினோல் பிள்ளைகளுக்குத் தானாகவே எழுத்து சொல்லிக்கொடுத்தார். எனக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்த மனுஷி அவர்தான்.

நிலவிலைச் சரிவும் 1926 புயலும் ஃபிராங்கை முறித்துப்போட்டன. 1929இல் வீட்டு வாசலில் ஓடும் அந்த ஆற்றிலேயே அவர் உயிர் போயிற்று. ஐவி வீட்டை விடவில்லை. கீழ்த்தளத்தை உணவகத்துக்கு வாடகைக்கு விட்டு, 1971இல் இறக்கும்வரை அதைக் காப்பாற்றி வைத்திருந்தார். 1984இல் அது அருங்காட்சியகமானது.

போவதற்கு முன் திறந்திருக்கும் நேரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கூட வந்தால், ஓடங்கள் எந்தப் பக்கம் வந்து நின்றன என்று வழிகாட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு பயணி