பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசி: பெற்றோருக்கு இதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எட்டு வயதுக்கு முன்பே பருவமடையும் சிறுமிகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். யாரையும் பயமுறுத்தாமல் எழுதியிருந்தது நிம்மதி. ஆனால் சிகிச்சையை மட்டும் 'மாதம் ஒரு ஹார்மோன் ஊசி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். குழந்தைகள் பிரிவில் அந்த ஊசியைப் போட்டுவந்த செவிலியர் நான். பெற்றோர் தடுமாறுவதே அந்த இடத்தில்தான். அந்தத் தூள் மருந்தைக் கரைத்துவிட்டால் உடனே போட்டாக வேண்டும். பால்போல் கலங்கிய மருந்தோடு நான் நிற்கும்போது, "ஹார்மோன் முன்னாடியே சுரந்துடுச்சுன்னுதானே வந்தோம், அதுக்கு மேல ஹார்மோன் ஊசியா சிஸ்டர்?" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்த தாய்மார் உண்டு. நியாயமான கேள்வி.

மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸில் இருக்கும் ஆயிரம், இரண்டாயிரம் நரம்புச் செல்கள்தான், பருவத்தைத் தொடங்கிவைக்கும் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனைச் சுரக்கின்றன. ஒரேயடியாக அல்ல, விட்டு விட்டு, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. இந்த இடைவெளியை அமைத்துக்கொடுப்பவை வேறு செல்கள். அவை நியூரோகைனின் பி என்ற மூலக்கூறால் ஒன்றையொன்று உசுப்பிக்கொள்கின்றன. அவை சுரக்கும் கிஸ்பெப்டின் என்ற இன்னொரு மூலக்கூறு அந்தத் தூண்டலைக் கொண்டுபோய்ச் சேர்க்க, ஜி.என்.ஆர்.எச். செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, ஹார்மோன் வெளியேறுகிறது. பிறகு அதே செல்களின் டைனார்ஃபின் என்ற மூலக்கூறு வந்து அடக்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து. பருவமே வராத சிலரின் குடும்பங்களைத் துருக்கி ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். பழுது, நியூரோகைனின் பி மரபணுவிலும் அதைச் செல்லில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணுவிலும் இருந்தது.

ஜி.என்.ஆர்.எச். போய்ச் சேருவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு; அது சினைப்பையைத் தூண்டினால்தான் சிறுமி பருவமடைவாள். அந்த பிட்யூட்டரிக்கு ஹார்மோனின் அளவை விட இந்த இடைவெளிதான் முக்கியம். பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், ஜி.என்.ஆர்.எச். சுரப்பு நின்றுபோகும்படி ஹைபோதலாமஸின் ஒரு பகுதி அழிக்கப்பட்ட ரீசஸ் குரங்குகளுக்கு மணிக்கு ஒரு முறை ஆறு நிமிடம் ஜி.என்.ஆர்.எச். ஏற்றியதும் பிட்யூட்டரி வேலை செய்தது. இடைவிடாமல் ஏற்றியபோது அடங்கிப்போனது. மறுபடி மணிக்கொரு முறை என்று மாற்றியதும் மீண்டுவிட்டது. பருவம் வராதவர்களுக்கு இதே ஹார்மோனைச் சிறு பம்பு வழியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்து வரவழைப்பதும் உண்டு.

நாங்கள் போடும் அந்த ஊசி மருந்தான லியூப்ரோலைடு, ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனைப் போலவே செயல்படுவது. ஆனால் இடைவெளி விடாமல் மாதம் முழுக்க உடம்பில் கசிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பிட்யூட்டரி அடங்குகிறது. நிறுத்தினால் பருவம் தானாகத் தொடரும். முதல் சில வாரங்களில் மட்டும் தூண்டல் கொஞ்சம் கூடும், சில சிறுமிகளுக்கு லேசாக உதிரம் படலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மனம் வலிக்கிறது.

அடுத்த முறை இதை எழுதும்போது, முதல் மாதம் இப்படி இருக்கலாம் என்பதையும், அடுத்த ஊசியை நாள் தள்ளாமல் போட வேண்டும், தள்ளினால் பிட்யூட்டரி மறுபடி விழித்துக்கொள்ளும் என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை