மூன்று மணித்தியால வித்தியாசம்

ஸ்காபரோ
பெப்ரவரி 10, 2026

அன்புள்ள பிள்ளைக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் அங்கே நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறோம்.

இந்தக் கடிதத்தைப் பார்சலுக்குள்ளேயே வைக்கிறேன். தூள் அம்மா போன ஞாயிற்றுக்கிழமை வறுத்துத் திரித்தது. வீடு முழுக்க இருமல். மேல் பையில் ஒடியல் மா, அதற்குக் கீழே பருத்தித்துறை வடை. வடையை உன்னோடு இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு, உறைக்கும் என்று முன்னமே சொல்லிவிட்டுக் கொடு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நீ விட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது, அதனால் ஆறுதலாக வாசி. விளங்காத இடத்தைத் தாண்டிப் போகாமல் என்னைக் கேள்.

முதலில் அந்த றோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிசெம்பரில் நீ ரெவல்ஸ்ரோக்கிலிருந்து கோல்டனுக்குப் போய்த் திரும்பும்போது றோஜர்ஸ் கணவாயில் மறித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வீடியோ அனுப்பினாய். நாங்கள் அதைப் பெரிய ரீவியில் போட்டுப் பார்த்தோம். வரிசையாக லொறிகள், இரண்டு பக்கமும் வெள்ளை மலை, நீ யாரோடோ சிரித்துக் கதைக்கிற குரல். பிறகு அந்தச் சத்தம். தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன அம்மா அதை அப்படியே கீழே வைத்தாள். நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. எங்கேயோ மேலே விழுந்து வெடித்தது. யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து ஷெல் அடித்த காலத்தில் பழகிய எண்ணல் அது. குத்துகிற சத்தம் கேட்டால் எண்ணுவோம், எண்ணி முடிக்குமுன் பங்கருக்குள் இறங்கியிருக்க வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் வாய் தானாக எண்ணுகிறது.

'அது பனியைச் சுடுகிற பீரங்கி அப்பா, பயப்படாதீர்கள்' என்று நீ எழுதியிருந்தாய். பிறகு நானே தேடி வாசித்தேன். 105 மில்லிமீற்றர் ஆட்லறி. 1961ஆம் ஆண்டிலிருந்து கனடா இராணுவம் மாரிக்கு மாரி அங்கே வந்து நிற்கிறது. சரிவில் குவிகிற பனி தான் நினைத்த நேரம் வாகனங்களுக்கு மேல் வந்து விழாமல், முதலே றோட்டை மூடிவிட்டுச் சுட்டு விழுத்துகிறார்கள். சனத்தைக் காப்பாற்ற ஆட்லறி அடிக்கிற இடத்தில் எங்கள் பிள்ளை இருக்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். வீடியோவை அழித்துவிடு என்றாள். நான் அழிக்கவில்லை. உன் சிரிப்பு அதில் இருக்கிறது.

அதே கணவாயில் 1910 மார்ச் 4ஆம் திகதி இரவு, ரயில் பாதையில் விழுந்து கிடந்த பனியை வெட்டி அள்ளிக்கொண்டிருந்தவர்களை எதிர்ப்பக்க மலையிலிருந்து வந்த இன்னொரு பனிச்சரிவு மூடியது. 58 பேர். அவர்களில் 32 பேர் யப்பானிலிருந்து உழைக்க வந்தவர்கள். அதற்குப் பிறகுதான் மலைக்கு அடியால் ரயிலைக் கொண்டுபோகச் சுரங்கம் வெட்டி, 1916இல் திறந்தார்கள். ஒரு பக்கத்தில் விழுந்ததை அள்ளிக்கொண்டிருக்கும்போது மற்றப் பக்கத்தால் வந்திருக்கிறது. ஊரில் காசுக்கும் கடிதத்துக்கும் பார்த்துக்கொண்டிருந்த தாய்மாரை நினைத்து எனக்கு அன்றைக்கு நித்திரை வரவில்லை.

பனிச்சரிவு எச்சரிக்கை போடுகிற 'அவலாஞ்ச் கனடா' அலுவலகம் உன் ஊரிலேயே இருக்கிறது. நான் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு நாளும் அவர்களின் அறிவிப்பைப் பார்க்கிறேன். மலை உச்சி, மரங்கள் முடிகிற இடம், அதற்குக் கீழே என்று மூன்றுக்கும் தனித்தனியாக, ஆபத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை போடுகிறார்கள். நாலும் ஐந்தும் என்றால் புத்தியுள்ளவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். எனக்குப் பயம் மூன்றுதான். மூன்று என்றால் போய்ப் பார்க்கலாம் போல இருக்கும். நீ கயிறு கட்டின எல்லைக்குள்ளே மட்டும் சறுக்கு. வெளியே போகத்தான் வேண்டுமென்றால் புதைந்தாலும் இருக்கிற இடத்தைக் காட்டுகிற பீக்கன் கருவி, குத்திப் பார்க்கிற தடி, சவள் மூன்றும் உன்னிடமும் இருக்க வேண்டும், கூட வருகிறவரிடமும் இருக்க வேண்டும். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்க வேண்டுமாம். அதற்குள் எந்த அம்புலன்சும் வந்து சேராது. கூட வந்தவர்தான் அம்புலன்ஸ். தனியே போகாதே.

நீ அந்த ஊருக்குப் போனதை நான் குறை சொல்வதாக நினைக்காதே. போன வருடம் மாமி வீட்டுக் கலியாணத்தில் யார் கேட்டாலும் சொன்னேன்: மகள் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்ரோக்கில் இருக்கிறாள், எட்டாயிரம் பேர் இருக்கிற ஊர், அங்கேயிருந்தே ரொறன்ரோக் கொம்பனிக்கு வேலை செய்கிறாள். உச்சிக்கும் அடிக்கும் 1,713 மீற்றர், வட அமெரிக்காவில் அதைவிட இறக்கம் கூடின சறுக்கு மலை இல்லை என்று நீ சொல்லித் தந்ததையும் சொன்னேன். 1971-72 மாரியில் பக்கத்துக் கோப்லண்ட் மலையில் 24 மீற்றருக்கு மேல் பனி கொட்டியது என்றாயே, அம்மாவை யன்னலடிக்குக் கூட்டிவந்து எங்கள் கட்டடத்தின் எட்டாம் மாடியைக் காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு. ஆனால் அம்மாவின் கண் ஒப்பரேசனுக்கு நீ வரவில்லை. லீவு இல்லை என்றாய். சரி. ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு அவள் உன் அறைக் கட்டில் விரிப்பை மாற்றினாள், ஒருவேளை வந்தாலும் வருவாய் என்று.

இன்னொரு விசயம். இந்த மாதக் கடைசிக்குள் டி-4, அதுதான் வரிக்குக் காட்டுகிற சம்பளக் கடதாசி, வந்துவிடும், வந்ததும் அனுப்பு. டிசெம்பர் 31ஆம் திகதி எந்த மாகாணத்தில் இருந்தாயோ அந்த மாகாண வரிதான் உனக்கு. கொம்பனி ஒன்ராறியோக் கணக்கில் பிடித்திருக்கும், அதனால் போன முறை போல இந்த முறையும் கொஞ்சம் திரும்பி வரும். வேறு ஏதாவது கடதாசி கொம்பனி தந்திருந்தால் அதையும் அனுப்பு.

வேலை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிற பெடியன் ஒருவனுக்கு அண்மையில் வேலை போய்விட்டது. தூரத்தில் இருந்து வேலை செய்தவன். கொம்பனி எல்லாரையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறது. இப்போது எங்கேயும் அப்படித்தானே, ஒன்ராறியோ அரசாங்கமே தன் ஆட்களை இந்த ஜனவரியிலிருந்து கிழமையில் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. இவன் தாய் தகப்பனுக்கு ஒன்றும் சொல்லவில்லையாம். நான் அவனுக்குச் சொன்னேன்: தம்பி, கடைசி வேலை நாளிலிருந்து நாலு கிழமைக்குள் வேலையில்லாக் காப்புறுதிக்கு விண்ணப்பம் போடு, பிந்தினால் வரவேண்டிய காசு இல்லாமல் போகும். கொம்பனிக் கடதாசி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிராதே. நானாகத்தான் விட்டேன் என்று எதிலும் கையெழுத்து வைக்காதே. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அது நீ கட்டின காசு.

நீ முன்பு உன் நேரம் விடிய ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு வேலையை முடிப்பாய். மலை மூடுமுன் ஒரு தரமாவது இறங்க வேண்டுமென்று பறந்து போவாய். போகிற வழியில் எனக்குப் போன் எடுப்பாய், இங்கே ஐந்தேகால். பனியில் உன் சப்பாத்து நறுக் நறுக் என்று கேட்கும். கீச்சென்று கேட்டால் நல்ல குளிர், சொதசொதவென்றால் இளகியிருக்கிறது. நீ சொல்லாமலே எனக்குத் தெரியும். நத்தாருக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. குறுஞ்செய்தி வருகிறது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை படம் ஒன்று வந்தது: கீழே ஊரை மூடி முகில், மேலே நீ நல்ல வெயிலில். வடிவான படம். ஆனால் உனக்கு அப்போது காலை பத்தே முக்கால். நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் மாடியில் அப்படி ஒரு பெடியன் இல்லை.

நேரே கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் இல்லாத ஒருவனைப் பிடித்தேன். நான் நினைப்பது பிழையாக இருந்தால் என்னை மன்னித்துவிடு, உனக்கு லீவு நாளாக இருந்திருக்கலாம். பிழை இல்லை என்றால் இதையும் வாசி. நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, அம்மாவுக்கு நேற்றுத்தான் சொன்னேன்.

1991இல் மொன்றியலில் நான் கோப்பை கழுவின கடையைப் பூட்டிவிட்டார்கள். கூட இருந்த பெடியளுக்குத் தெரியக்கூடாது என்று காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிடுவேன். ஒரு டிக்கெற் எடுத்து மெற்றோவுக்குள் இறங்கினால் பின்னேரம்வரை சூடு. பெரி-யூகாம் ஸ்ரேசனில் ஒரு வாங்கில் இருந்துதான் அப்பம்மாவுக்குக் கடிதம் எழுதுவேன்: வேலை நல்லது, முதலாளி நல்லவர். ஏழு மாதம் கடன் வாங்கிக் காசு அனுப்பினேன். அப்போது சண்டையில் யாழ்ப்பாணத்துக் கடிதம் போய்வர மாதக்கணக்காகும். அப்பம்மாவிடமிருந்து ஒன்று வந்தது. பக்கம் முழுக்க ஊர்ப் புதினம், கடைசியில் ஒரு வரி: 'நீ காசு அனுப்பாட்டிலும் கடிதம் போடு, ராசா.' எப்படித் தெரிந்ததோ தெரியாது. அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

இவ்வளவும் பட்ட நான் உனக்கு என்ன செய்தேன்? நீ இரண்டாம் வருடத்தில் என்ஜினியரிங்கை விட்டுவிட்டேன் என்று உண்மையைச் சொன்னாய். நான் மூன்று கிழமை உன்னோடு கதைக்கவில்லை. ஒரு நாள் நீ அறை வாசலில் நின்று 'அப்பா' என்று இரண்டு தரம் கூப்பிட்டாய். எனக்கு நன்றாகக் கேட்டது. ரீவிச் சத்தத்தைக் கூட்டினேன். உண்மை சொன்ன பிள்ளைக்கு நான் கொடுத்தது அதுதான். இன்றைக்கு நீ சொல்லாமல் இருக்கிறாய் என்றால், அதைப் பழக்கினவன் நான். அது என் பிழை, பிள்ளை. அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும்.

தூள் போத்தலைச் சுற்றியிருக்கிற பேப்பரை எறிந்துவிடாதே. அதற்குள் ஒரு என்வலப் இருக்கிறது, இரண்டு மாத வாடகைக்குக் காணும். அதைச் சுற்றி வைத்தது அம்மா. கெலோனாவுக்கு டிக்கெற் விலையும் பார்த்தேன். அங்கேயிருந்து உன்னிடம் இருநூறு கிலோமீற்றர், அந்தக் கணவாயைத் தாண்டத் தேவையில்லை. வரச் சொன்னால் வருவேன். வேண்டாம் என்றால் வரமாட்டேன். நீ அந்த ஊரிலேயே இருக்க விரும்பினாலும் சரி, அங்கேயே வேறு வேலை தேடினாலும் சரி.

ஐந்தேகாலுக்கு நான் வீட்டில்தான். வேறு நேரம் எடுத்தாலும் ஏன் என்று கேட்கமாட்டேன்.

இன்றைக்கு அறிவிப்பில் மூன்று போட்டிருக்கிறார்கள். தனியே போகாதே.

அன்புடன்
அப்பா