ஆளில்லாத வீட்டில் சோபா ஏறும் நாய்: எலிப்பொறி யோசனையைத் திரும்பப் பெறுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தம்முடைய நாய் சோபாவில் ஏறிப் படுத்துக்கொள்கிறது என்றும், ஆள் இருக்கும்போது ஒருநாளும் அப்படிச் செய்வதில்லை என்றும் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார். அவருக்குத் தரப்பட்ட பதிலில் இரண்டு யோசனைகள் இருந்தன. சோபாவின் மேல் எலிப்பொறிகளை வைத்து அவற்றின் மேல் செய்தித்தாளை விரித்துவிட வேண்டும் என்பது ஒன்று. வீடு திரும்பியதும் நாயை இழுத்துவந்து, இருக்கையில் ஒட்டியிருக்கும் முடியைக் காட்டிக் கடுமையாக அதட்ட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதை ஓராண்டுக்கு மேல் செய்தவன் நான். முதலாவதைச் செய்யவும் ஏற்பாடு பண்ணியவன். அதனால் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

எங்கள் வீட்டில் நடுத்தர உருவம் கொண்ட ஒரு பெண் நாய் இருந்தது. நாங்கள் வீட்டில் இருக்கும்வரை அது சோபாவின் பக்கம்கூடப் போகாது. என் காலடியில் தரையில்தான் படுத்திருக்கும். நாங்கள் வெளியே போய்விட்டு வந்து இருக்கையில் கை வைத்தால் சூடு தெரியும், முடியும் ஒட்டியிருக்கும். உடனே அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துச் சென்று, அந்த இடத்தைக் காட்டி அதட்டுவேன். அது காதுகளைப் பின்னால் மடித்து, வாலை இடுக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். செய்த தவறு அதற்குத் தெரிகிறது, தெரிந்தே செய்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன். சில மாதங்களில், நான் வாய் திறப்பதற்கு முன்பே, பூட்டில் சாவி திரும்பும் ஓசை கேட்டவுடன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளத் தொடங்கியது. முன்பெல்லாம் அதே ஓசைக்கு வாசலுக்கு ஓடிவந்து துள்ளிய நாய் அது. சோபாவில் ஏறுவது மட்டும் நிற்கவே இல்லை.

குற்ற உணர்வு என்று நான் படித்துக்கொண்ட அந்த முகத்தைப் பற்றி அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார். 14 நாய்களைக் கொண்டு அவர் செய்த சோதனை மிக எளிமையானது. எதிரில் உள்ள தின்பண்டத்தைத் தொடக்கூடாது என்று நாய்க்குச் சொல்லிவிட்டு வளர்ப்பவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். அவர் திரும்பியதும், நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவருக்குச் சொல்லப்படும். அவருக்குச் சொல்லப்பட்டது எப்போதும் உண்மையாக இருக்காது. முடிவில் தெரிந்தது என்னவென்றால், அந்தக் குற்றவாளி முகத்துக்கும் நாய் உண்மையில் தின்றதா என்பதற்கும் தொடர்பில்லை. வளர்ப்பவர் அதட்டினாரா என்பதோடுதான் தொடர்பு இருந்தது. தின்னாமல் சொல்பேச்சுக் கேட்டிருந்து, வீணாகத் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகவே தெரிந்தது. என் கோபத்தைக் கண்டு பணிந்து குழைந்த ஓர் உயிரின் முகத்தை ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டு ஓராண்டு முழுவதும் தண்டித்தேன் என்பதை இன்று நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை. நாய் ஒரு செயலையும் அதன் விளைவையும் இணைத்துப் பார்க்க வேண்டுமானால் இரண்டுக்கும் இடையில் ஓரிரு நொடிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். மூன்று மணி நேரம் கழித்து வந்து முடியைக் காட்டுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதுதான். அந்த அதட்டலிலிருந்து நாய் கற்றுக்கொள்வது, இவர் வீட்டுக்குள் நுழையும்போது ஆபத்து வருகிறது என்ற ஒன்றையே.

அப்படியானால் நாம் இருக்கும்போது மட்டும் அது ஏன் ஏறுவதில்லை என்று அந்த வாசகர் கேட்கக்கூடும். ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தினர் 2003ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. எடுக்கக்கூடாது என்று சொல்லிவைத்த உணவை, ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாய்கள் குறைவாக எடுத்தன. ஆள் கண்ணை மூடியிருந்தபோதும், முதுகைத் திருப்பியிருந்தபோதும், அறையை விட்டுப் போய்விட்டபோதும் கூடுதலாக எடுத்தன. 2013ல் வெளியான மற்றோர் ஆய்வில், வெளிச்சத்தில் இருந்ததைவிட இருட்டில் இருந்த உணவை அவை அதிகம் எடுத்துக்கொண்டன. இதை நாயின் கள்ளத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 'சோபாவில் ஏறாதே' என்ற விதியை நாம் கற்றுக்கொடுத்ததே இல்லை. 'நான் பார்க்கும்போது ஏறினால் அதட்டு விழும்' என்பதைத்தான் கற்றுக்கொடுத்தோம், அதை நாய் பிழையில்லாமல் கற்றுக்கொண்டது. மறுபக்கம், ஆளில்லாத வீட்டில் ஏறிய ஒவ்வொரு முறையும் மெத்தென்ற படுக்கை அதற்குப் பரிசாகக் கிடைத்தது. இன்பம் தந்த செயலை விலங்கு திரும்பவும் செய்யும் என்பது உளவியலில் நூறாண்டுக்கு மேல் பழைய பாடம். அதிலும், எப்போதாவது ஒருமுறை மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம்தான் எளிதில் விடாது. ஆகையால், வாரத்தில் ஆறு நாள் தடுத்துவிட்டு ஏழாம் நாள் கவனமில்லாமல் விடுவதும் வேலையைப் பலமடங்கு கடினமாக்கிவிடும்.

எங்கள் நாயின் கதை மாறியது ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்ட பிறகுதான். நாய் எதற்காக அங்கே ஏறுகிறது என்று முதலில் பாருங்கள் என்றார் அவர். பழைய கைப்பேசி ஒன்றைப் புத்தக அலமாரியில் சாய்த்துவைத்துப் பதிவு செய்தோம். நாங்கள் கதவைச் சாத்தியதும் அது நேரே சோபாவின் ஓரத்துக்குப் போய், முன்கால்களைச் சாய்மானத்தின் மேல் வைத்து, சன்னல் வழியாக நாங்கள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்துக்குப் பிறகு, நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் முகத்தைப் புதைத்துச் சுருண்டு படுத்தது. நாம் துணி துவைப்பது போல் சோபாவைத் துவைப்பதில்லை. வீட்டிலேயே நம் வாசனை மிகுதியாக ஊறிப்போன இடம் அதுதான். 10 கோடிக்கு மேற்பட்ட மணநுகர் உணர்விகளைக் கொண்ட மூக்குக்கு அந்த இருக்கை என்னவாகத் தோன்றும் என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. நான் இல்லாத நேரத்தில் என்னைத் தேடிப் போன இடத்துக்காக அதை அதட்டியிருக்கிறேன்.

காரணம் தெரிந்த பின் செய்ய வேண்டியவை அதிகமில்லை. சோபா இருக்கும் அறைக்குக் கதவு இருந்தால் வெளியே போகும்போது அதைச் சாத்திவிடுவதே முதன்மையான, முழுமையான வழி. இதைவிடச் சிறந்த பயிற்சி எதுவும் இல்லை. கதவில்லாத கூடமாக இருந்தால் குழந்தைகளுக்காக வாசலில் வைக்கும் தடுப்புக் கதவு போதும். அதற்கும் இடமில்லையென்றால் இருக்கை மெத்தைகளை எடுத்துவிடலாம், அல்லது உறுதியாக நிற்கும் சிறு நாற்காலிகளைச் சோபாவின் மேல் கவிழ்த்துவைத்துப் படுக்க இடமில்லாமல் செய்துவிடலாம். விழுந்து நாயின் மேல் சாயக்கூடிய எதையும் வைக்கக்கூடாது. நாங்கள் சோபாவைச் சன்னலிலிருந்து நகர்த்தி எதிர்ச்சுவரில் போட்டோம், சன்னலடியில் நாய்க்கென்று உயரம் குறைந்த ஒரு மேடையையும் வைத்தோம்.

சோபாவுக்குப் பதிலாக நாய்க்கென்று நாம் கொடுக்கும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் தோற்றுப்போவது இங்கேதான். ஒரு மெல்லிய சாக்கையோ பழந்துணியையோ மூலையில் போட்டுவிட்டு, அதில் படுக்காமல் சோபாவுக்குப் போகிறதே என்று நாயைக் குறை சொல்கிறோம். முதிர்ந்த நாய் ஒரு நாளில் ஏறத்தாழ 12 மணி நேரம் தூங்கும்; ஆளில்லாத வீட்டில் அதன் நேரத்தில் பெரும்பகுதி படுக்கையில்தான் கழியும். அது கால்களை முழுவதும் நீட்டிப் படுக்கும் அளவுக்கு அகலமும், முழங்கை தரையில் இடிக்காத அளவுக்குத் தடிப்பும் படுக்கைக்கு வேண்டும். வீட்டின் ஒதுக்குப்புறத்தில் போடாமல், நாம் இருக்கும்போது அது எங்கே இருக்க விரும்புகிறதோ அங்கே போட வேண்டும். உடுத்திக் களைந்த, துவைக்காத சட்டை ஒன்றை அதில் வைத்துவிட்டுப் போனால் நாய் தேடும் வாசனை அங்கேயே கிடைத்துவிடும். நாம் வீட்டில் இருக்கும்போதே, நாய் தானாக அந்தப் படுக்கைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சிறு தின்பண்டம் கொடுத்து, தட்டிக்கொடுத்து, 'இடம்' என்ற ஒரு சொல்லையும் பழக்கிவிடலாம். பிறகு அடுத்த அறைக்கு அரை நிமிடம் போய்வருவது, வாசல்வரை போய்வருவது, ஐந்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு வருவது என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கிளம்புவதற்கு முன் நன்றாக மோந்து பார்த்துக்கொண்டே நடக்கவிட்டு அழைத்துவருவதும், மென்று மென்று நேரம் போக்கக்கூடிய உறுதியான ஒரு பொருளைப் படுக்கையில் கொடுத்துவிட்டுப் போவதும் எங்கள் வீட்டில் பாதி வேலையைச் செய்தன.

கூண்டில் அடைப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கதவைத் திறந்துவைத்து, உள்ளேயே உணவு கொடுத்து, நாய் தானாகப் போய்த் தூங்கும் இடமாகப் பல வாரங்கள் பழக்கியிருந்தால் சில மணி நேரத்துக்கு அது பயன்படும். பழக்காமல் திடீரென்று அடைத்துப் பூட்டுவது கொடுமை. நீண்ட நேரம் சிறுநீரை அடக்க முடியாத குட்டிகளுக்கும், தனிமையில் பதறும் நாய்களுக்கும் அது ஏற்றதே அன்று.

இனி எலிப்பொறிக்கு வருகிறேன். பொறியின் மேல் காகிதத்தை விரித்துவிட்டால் காயம் ஏற்படாது, ஓசை மட்டுமே பயமுறுத்தும் என்று அந்தப் பதிலில் சொல்லப்பட்டிருந்தது. முகர்ந்து பார்க்க மூக்கை நீட்டும் விலங்கு அது; சிறு நாய்க்கோ குட்டிக்கோ பொறியின் கம்பி மூக்கிலோ விரலிலோ பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காயம் படாவிட்டாலும், தனியாக இருக்கும்போது எங்கிருந்தோ வெடித்த ஓசையை அந்த நாய் எதனோடு இணைத்துக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை. சோபாவோடு இணைக்கலாம், அந்த அறையோடு, செய்தித்தாளோடு, தனியாக இருப்பதோடும் இணைக்கலாம். மிதித்தால் மின்னதிர்ச்சி தரும் விரிப்புகளுக்கும் இது பொருந்தும். நாய்களின் கழுத்தில் மாட்டும் மின்னதிர்ச்சிப் பட்டைகளை வேல்ஸ் நாடு 2010லேயே தடை செய்துவிட்டது. விலங்குகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021ல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையில், எல்லா வகைப் பயிற்சிக்கும், நடத்தைச் சிக்கல்கள் உட்பட, பரிசளித்துப் பழக்கும் முறைகளையே பயன்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. நானும் ஆறு பொறிகளை வாங்கிவைத்திருந்தேன். மருத்துவர் தடுத்திராவிட்டால் அன்றே விரித்திருப்பேன்.

'நாய்க்கு இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும், சோபாவில் ஏறவிட்டால் வீட்டுக்கே தலைவனாகிவிடும்' என்ற கருத்தும் அந்தப் பதிலில் தொனித்தது. ஓநாய்க் கூட்டத்தில் தலைமைக்காக ஓயாத போட்டி நடக்கிறது என்ற எண்ணம், ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் வைத்துப் பார்த்த பழைய ஆய்வுகளிலிருந்து பரவியது. அதை முன்பு எழுதிப் பரப்பியவர்களுள் ஒருவரான டேவிட் மெக் என்ற உயிரியலாளரே, காட்டில் உள்ள ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999ல் விளக்கினார். நாய் உயரத்தில் படுப்பது அங்கே மெத்தென்று இருப்பதால். அதில் அரசியல் ஏதுமில்லை.

இப்படிச் சொல்வதால், நாயைச் சோபாவில் ஏறவிடாமல் இருப்பது தவறு என்று நான் கருதுவதாக எண்ணிவிட வேண்டாம். வீட்டில் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர் இருந்தால், நாயின் எச்சிலிலும் தோற்பொடியிலும் உள்ள புரதங்கள் துணியுறையில் ஒட்டிக்கொண்டு பலநாள் தொல்லை கொடுக்கும். தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் நாயின் உடலிலிருந்து உதிர்ந்து மெத்தை இடுக்குகளிலும் பொரிக்கும். டாக்ஸ்ஹண்ட் போல முதுகு நீண்டு கால் குட்டையான நாய்களுக்கு முதுகெலும்பு வட்டு நோய் எளிதில் வரும் என்பதால் உயரத்திலிருந்து குதிப்பதைக் குறைக்கச் சொல்கிறார்கள். இவை நல்ல காரணங்கள். காரணம் எதுவானாலும் வீட்டில் உள்ள அனைவரும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும். மாலையில் பிள்ளைகள் மடியில் ஏற்றிவைத்துக்கொண்டு, காலையில் ஏறக்கூடாது என்றால் நாயால் அதைப் புரிந்துகொள்ள முடியாது.

இரண்டு நிலைகளில் மட்டும் சோபாவை மறந்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இதுவரை தரையில் படுத்த முதிய நாய் திடீரென்று மெத்தையைத் தேடத் தொடங்கினால் அதன் மூட்டுகளில் வலி இருக்கக்கூடும். பதிவில் பார்க்கும்போது நாய் ஓயாமல் ஊளையிட்டாலோ, எச்சில் ஒழுக நடந்துகொண்டே இருந்தாலோ, கதவைப் பிறாண்டினாலோ, இருக்கையைக் கிழித்தாலோ அது வளர்ப்பவரைப் பிரிந்திருக்க முடியாமல் வரும் பிரிவுப் பதற்றமாக இருக்கலாம். கிழித்த பஞ்சை விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

எங்கள் நாய் சோபாவை விட்டுவிட ஆறு வாரம் ஆயிற்று. சாவியின் ஓசைக்கு மறுபடியும் வாசலுக்கு வர ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. ஆகவே, அந்தப் பதிலைத் திருத்தி, கால்நடை மருத்துவர் ஒருவரின் விளக்கத்தோடு அடுத்த இணைப்பில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திராமல், கேள்வி கேட்ட வாசகரின் முகவரி தங்களிடம் இருக்குமானால், பொறி வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடும்படி அவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்