சேலத்து மருந்துக் கடைக்காரர்களுக்கு

ஐயா, அம்மா,

சென்ற மாதம் என் அக்கா நீட்டிய மருந்துச் சீட்டைப் படித்த உங்களில் ஒருவர், அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டி உதட்டுக்குள் சிரித்தார். “இது யாருக்கம்மா?”

“எனக்குத்தான்.”

கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டாள். அன்று மூன்று வேளையும் மாத்திரை இல்லை.

சீட்டில் இருந்தது சில்டெனாபில், 20 மில்லிகிராம். ஆண்மைக் குறைவுக்கு 1998இல் வந்த அதே மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் அக்காவுக்கு இருப்பது நுரையீரல் தமனி அழுத்தம்: இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் குழாயில் அழுத்தம் ஏறும் நோய். அதற்கும் இதை அமெரிக்காவில் 2005இலேயே அனுமதித்துவிட்டார்கள்.

கையில் பட்டை கட்டிப் பார்க்கும் ரத்த அழுத்தம் வேறு; அது அக்காவுக்கு எப்போதும் 120/80தான். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் சரிவெல்லாம் ஏறி இறங்கியவள், பத்தடிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கத் தொடங்கினாள். ஆஸ்துமா என்று ஒன்றரை வருடம் இன்ஹேலரில் போனது. கால் வீங்கிய பிறகுதான் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். அப்புறம் இதயத்தின் வலப்பக்கம் வரை குழாய் விட்டு அளந்தார்கள். நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் 20ஐத் தாண்டினாலே நோய். அவளுக்கு 48. நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகிவிட்டதால், வலது இதயம் தள்ளித் தள்ளியே ஓய்ந்துபோயிருந்தது. இந்த மாத்திரை அந்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. (இடது இதயக் கோளாறால் வரும் அழுத்தத்துக்கு இதைக் கொடுப்பதில்லை. கேட்பவருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.)

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். ஆக்சிஜன் குறைந்தால் குழாய் இன்னும் இறுகும் என்று டாக்டர் சொன்னதால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். சேலத்துப் புழுக்கத்தில் தூக்கம் வரவில்லை என்று இன்றும் புலம்பல்தான்.

யாருக்கு என்று கேட்டவர், “நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் பழக்கம் உண்டா?” என்று கேட்டிருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. இதுவரை ஒரு கடையிலும் அந்தக் கேள்வி வரவில்லை. கையிருப்பு இல்லையென்றால் வேறு கடையையாவது கைகாட்டுங்கள்; இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

இப்போதெல்லாம் அக்கா கடைக்கு என்னைத்தான் அனுப்புகிறாள். போன வாரம் ஒரு பையன் மாத்திரையைக் காகிதத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்து, என் நரைத்த மீசையைப் பார்த்துக் கண்ணடித்தான். “அக்காவுக்கு, தம்பி” என்றேன். அவன் நம்பவில்லை.

இப்படிக்கு,
ஒரு தம்பி