பாட்டு ஒரே பொத்தானில் பிறப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு இசை பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் ‘இனி எவரும் இசையமைப்பாளர்’ என்று வியக்கின்றன, இல்லையென்றால் ‘இசைக்கே முடிவு’ என்று அஞ்சுகின்றன. சுனோ, யூடியோ போன்ற செயலிகளில் இரண்டு வரி எழுதிப் பொத்தானைத் தட்டினால் முழுப்பாட்டு வந்து விழும் என்பதுதான் இரண்டு பேச்சுக்கும் அடிப்படை. விழுகிறது, உண்மைதான். ஆனால் அது யாருடைய பாட்டாகவும் இருப்பதில்லை. ‘இது என் பாட்டு’ என்று சொல்லத்தக்கதைச் செய்பவர்கள் மெட்டையும் வரியையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளை நான்கைந்து கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதில் எங்கே வழுக்கும், ஏன் வழுக்கும் என்பதைத் தமிழில் யாரும் விரிவாக எழுதக் காணோம். அதனால்தான் இக்கடிதம்.

முதலில் மெட்டு. தாள வேகத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமைக் காதில் ஒலிக்கவிட்டு, அரை நிமிடத் தத்தகாரத்தை (சொல்லில்லாமல் ‘தன்னானே’ என்று பாடும் மெட்டை) கைபேசியில் பதிந்தாலே போதும். ஸ்பாட்டிஃபை 2022-இல் இலவசமாக வெளியிட்ட பேசிக் பிட்ச் என்ற கருவி அந்தப் பதிவை மிடி சுரங்களாக, அதாவது கணினியில் திருத்தத்தக்க சுரக் குறிப்புகளாக மாற்றித் தரும். அதற்கு ஒரு நேரத்தில் ஒரே குரல் அல்லது ஒரே வாத்தியம் இருந்தால்தான் சரிவரும். கமகத்தோடு (சுரத்தை அசைத்து) பாடினால் ஒரு சுரத்தின் அசைவை நான்கைந்து துண்டுச் சுரங்களாக எழுதிவிடும். எனவே முதல் பதிவில் அசைவில்லாமல், ஒவ்வொரு சுரமும் ‘த’ என்று அழுத்தித் தொடங்கும்படி பாட வேண்டும். கமகத்தைப் பிறகு, சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் என்ற மிடி வசதியில் கையால் வரையலாம். அப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிட்ச் பெண்டின் வழக்கமான வீச்சு மேலும் கீழும் 2 அரைச்சுரம். ஒலிக்கும் வாத்தியத்தில் அது 12 என்று வைக்கப்பட்டிருந்தால், சிறு அசைவு ஆறு மடங்காகி ஊளையிடும்.

அடுத்தது வரிகள். தமிழ்ப் பாட்டு அதிகம் கெடுவது இங்கேதான். நம் மொழியில் ஒலியின் நீளமே பொருளை மாற்றும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது பள்ளிக்கூடப் பாடம்தான், ஆனால் பாடும் கருவிக்கு அது தெரியாது. நீண்டு நிற்கும் சுரத்தில் ‘மலை’யின் முதலெழுத்து விழுந்தால் ‘மாலை’ என்று பாடிவிடும். ‘படம்’ ‘பாடம்’ ஆகும். ‘கல்’ ‘கால்’ ஆகும். எத்தனை முறை மறுபடி உருவாக்கினாலும் இது சரியாகாது, ஏனென்றால் பிழை வரிக்கும் மெட்டுக்கும் இடையில் இருக்கிறது. வரியை எழுதும்போதே நீளும் சுரங்களின் கீழ் நெடிலை வைக்க வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால் ம், ன், ல் போல இழுத்துப் பாடக்கூடிய மெய்யில் முடியும் அசையை வைக்கலாம். சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் குற்றியலுகரமும் இதே தொல்லை தரும். வரிக் கடைசியில் ‘காற்று’ என்று இருந்தால் ‘காற்றூ’ என்று இழுக்கும். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கும்படி மாற்றி, புணர்த்தியே எழுதிவிட்டால் (‘காற்றெழுந்து’ என்பதுபோல) உகரம் தானாக ஒழியும். ழ, ல, ள குழப்பமும் வல்லினத்தின் இரட்டை ஒலிப்பும் மெட்டைச் சார்ந்தவை அல்ல. அவற்றுக்குப் பிழையான பகுதியை மட்டும் தேர்ந்து மறுபடி பாடவைக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். ஒரு சொல்லுக்காக முழுப்பாட்டையும் திரும்ப உருவாக்கினால், நன்றாக இருந்த மற்ற இடங்களும் போய்விடும்.

பின்னணி இசையைச் சொற்களால் மட்டும் கேட்டு வாங்குவதில் ஓர் ஆபத்து உண்டு. மெட்டு மோகன ராகத்தில், 1 கட்டையில் (மேற்கத்திய ‘சி’ சுரமே ச) இருப்பதாக வைத்துக்கொள்வோம். ச ரி க ப த என ஐந்தே சுரம். ம, நி கிடையாது. மேஜர் ஸ்கேல் என்று கேட்டால் கருவி பழக்கத்தில் எஃப் கார்டையும் ஜி கார்டையும் போட்டுவிடும் (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). எஃப் கார்டுக்குள் ம இருக்கிறது, ஜி கார்டுக்குள் நி இருக்கிறது. பாடகர் ஒரு சுரம்கூடப் பிசகாமல் பாடியும் ராகம் கலைந்து கேட்பதற்கு இதுவே காரணம். கார்டுகளை மிடியில் நாமே அடித்து வைத்துவிடுவதுதான் நல்லது. சி, ஏ மைனர் இரண்டும் ராகத்துக்குள் அடங்கும். ஜி வேண்டிய இடத்தில் நியை எடுத்துவிட்டு ஜி, டி சுரங்கள் (ப, ரி) இரண்டை மட்டும் ஒலிக்கவிடலாம். தாளத்தையும் பின்னணி ஒலிப்படலத்தையும் மட்டும் கருவியிடம் கேட்டால் போதும்.

முழுப்பாட்டாக வந்ததில் ஒரு புல்லாங்குழலோ தாளமோ பிடித்துப்போனால், அதை மட்டும் பிரித்தெடுக்க மெட்டா நிறுவனத்தின் டெமக்ஸ் இருக்கிறது. குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என நான்காகப் பிரிக்கும். கிதாரையும் பியானோவையும் தனியாக்கும் ஆறு பிரிவு வடிவமும் உண்டு. அதில் பியானோ சுத்தமாக வருவதில்லை. புல்லாங்குழல் ‘மற்றவை’யில் இன்னும் சிலவற்றோடு சேர்ந்துதான் கிடைக்கும். பிரித்த குரலில் ஹைஹேட்டின் (டிரம்ஸின் இரட்டைத் தட்டுச் சிம்பலின்) சலசலப்பு ஒட்டிக்கொண்டிருப்பதும் வழக்கம், ஏனென்றால் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளும் ஹைஹேட்டும் ஒரே உயர் அலைவரிசைப் பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. எம்பி3-ஐக் கொடுத்தால் இன்னும் மோசமாகும். 128 கேபிபிஎஸ் கோப்பில் சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. வேவ் கோப்பாக இறக்க முடிந்தால் அதையே கொடுங்கள்.

இனி ஒட்டுவேலை. பல கருவிகளின் ஒலி ஒரே பாட்டாவதும், தனித்தனித் துண்டுகளாகவே நிற்பதும் இங்கே முடிவாகிறது. 92 பிபிஎம் (நிமிடத்துக்கு 92 அடி) வேகம் கேட்டு வாங்கிய டிராக் உண்மையில் 91.6-இல் ஓடினால் முதல் வரியில் யாருக்கும் தெரியாது. நான்கு அடி ஆவர்த்தனம் 64 கடந்ததும் அது 0.73 விநாடி பின்தங்கியிருக்கும். அந்த வேகத்தில் ஓர் அடியே 0.65 விநாடிதான். அதாவது சரணத்தில் மிருதங்கம் ஓர் அடிக்கு மேல் பிசகி நிற்கும். டிராக்கை 8 ஆவர்த்தனத்துக்கு ஒரு முறை வெட்டி, ஒவ்வொரு துண்டின் முதல் அடியையும் ஒலித்தொகுப்பு மென்பொருள் காட்டும் தாளக் கோட்டில் உட்கார வைப்பதே தீர்வு. ரீப்பர், ஆடாசிட்டி எதிலும் செய்யலாம். ஓரிரு சதவீதம் நீட்டிச் சுருக்கினால் காது கண்டுபிடிக்காது. பத்து சதவீதம் போனால் தாள அடி மழுங்கும்.

சுருதியும் அப்படியே. ஓர் அரைச்சுரம் 100 சென்ட். ஒரு கருவியின் ஒலி, ‘ஏ’ சுரத்துக்கான பொது அளவான 440 ஹெர்ட்ஸிலிருந்து 20 சென்ட் விலகி வந்தால் தனியாகக் கேட்கும்போது உறுத்தாது. வேறொரு கருவியின் குரலோடு சேர்த்ததும் குரல்தான் தப்பு என்று தோன்றும். குரலைத் திருத்தத் தொடங்கிவிடக் கூடாது. டியூனர் வைத்துப் பார்த்து, பின்னணியை முழுதாக நகர்த்த வேண்டும். மாதிரி வீதம், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது, இன்னொரு கண்ணி. இசை உருவாக்கும் கருவிகளில் மெட்டாவின் மியூசிக்ஜென் 32,000 ஹெர்ட்ஸில் தரும், ஸ்டேபிள் ஆடியோ ஓப்பன் 44,100-இல் தரும், வீடியோ வேலை 48,000-இல் நடக்கும். 44,100 கோப்பை மாற்றாமல் 48,000 என்று படித்துவிட்டால் வேகம் 9 சதவீதம் கூடி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். ‘ஏதோ கட்டை மாறிவிட்டது’ என்று மணிக்கணக்கில் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

குரலுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. உச்சரிப்பு சுத்தமான ஒருவர் பாடிப் பதிந்து, ஆர்விசி போன்ற குரல்மாற்றுக் கருவியால் குரலின் நிறத்தை மட்டும் மாற்றுவது. ழகரமும் மூச்சும் பாடியவருடையவை என்பதால் அப்படியே நிற்கும். புதுக் குரலைக் கருவிக்குப் பழக்க, பின்னணி இரைச்சல் இல்லாத 10 நிமிடக் குரல்பதிவு போதும். எதிரொலி கலந்திருந்தால் விளைவு கரகரக்கும். அந்த 10 நிமிடக் குரல் யாருடையதோ அவருடைய ஒப்புதல் கட்டாயம் வேண்டும். பிரபலப் பாடகரின் குரலை எடுத்துச் செய்வதை எந்தத் தொழில்நுட்பத் திறமையும் நியாயமாக்காது.

கலவையின்போது, முழுப்பாட்டுக் கருவிகளிலிருந்து வரும் டிராக்குகள் ஏற்கெனவே உரக்க அழுத்தப்பட்டிருக்கும் என்பதால் முதலில் 6 முதல் 8 டெசிபெல் இறக்கிக்கொள்ள வேண்டும். இறுதி அளவு மைனஸ் 14 லஃப்ஸ் (காது உணரும் சராசரி உரப்பின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபெல் என்றால் ஸ்பாட்டிஃபை போன்ற இணைய இசைத் தளங்களுக்குப் பொருந்தும்.

உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். சுனோவின் இலவசத் திட்டத்தில் செய்ததை வணிகத்துக்குப் பயன்படுத்த முடியாது. பிறகு சந்தா கட்டினாலும் பழைய பாட்டுக்கு அந்த உரிமை தானாக வராது. மியூசிக்ஜெனின் பயிற்சி பெற்ற ஏஐ மாதிரிகளும் (மாடல்களும்) வணிகமல்லாத உரிமத்தில் வெளியானவையே. கருவிக்குக் கட்டளை எழுதியது மட்டுமே ஒருவரைப் படைப்பாளி ஆக்காது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் தெளிவாகச் சொன்னது. மனிதர் எழுதிய வரிக்கும் மெட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆகவே தத்தகாரப் பதிவு, வரியின் முதல் படி, எந்தக் கருவியின் எந்தப் பதிப்பு, எந்தத் திட்டம், எந்தத் தேதி என்பதையெல்லாம் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கோப்புறையில் சேர்த்து வைக்க வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ‘ஏஐ உருவாக்கிய பாடல்’ என்ற செய்தி அடுத்த முறை வரும்போது, மெட்டு யாருடையது, வரி யாருடையது, குரல் யாருடையது, எந்தப் பகுதியை எந்தக் கருவி செய்தது என்று செய்தியாளர் கேட்டு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒலிக்கலவைப் பணியில் இருக்கும் வாசகர்